நாற்பத்தாறு புகார்கள்

1

2013 கோடையில் டல்லஸில் ஒரு பழைய எஸ்யூவியைப் பார்க்கப் போனேன். 1999 மாடல். பதினான்கு வயசு. அமெரிக்கா போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது, கையில் இருந்த காசுக்கு அதுதான் கட்டுப்படியாகும். எனக்கு காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் கூட வேலை பார்த்த மதுரைக்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தேன். அவர் எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. நேராக வண்டியின் பின்னால் போய், தரையில் மல்லாந்து படுத்து, அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெப்னியில் செல்போன் வெளிச்சத்தை அடித்தார்.

"தம்பி, நாலு டயரையும் எல்லாரும் பாப்பாங்க. ஸ்டெப்னிய எவனும் பாக்க மாட்டான். அதுதான் வண்டியோட உண்மையான வயசு."

டயரின் பக்கச்சுவரில் ஒரு நீண்ட குறியீடு அச்சாகியிருக்கும். முதலில் வரும் எழுத்துகள் எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்பதைச் சொல்லும். கடைசி எண்கள் எந்த வாரம், எந்த வருஷம் என்பதைச் சொல்லும். 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் அது நான்கு இலக்கம். அதற்கு முன்பு மூன்று இலக்கம்தான். எங்கள் ஸ்டெப்னியில் மூன்று இலக்கம் இருந்தது. அதாவது அந்த வண்டி ஷோரூமிலிருந்து வந்த நாளிலிருந்து அந்த டயர் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. மேலே பார்த்தால் புதுசு மாதிரி, பட்டன் தேயவே இல்லை.

"நல்லாத்தானே அண்ணே இருக்கு?" என்றேன்.

"2000-ல இந்த ஊரே இப்படி வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்துச்சு, தெரியுமா?" என்றார்.

தெரியாது. அன்றிரவு தேட ஆரம்பித்தேன். அவ்வப்போது விட்டு விட்டு, பத்து வருஷத்துக்கு மேலாக அந்தக் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் அது ஒரு மோசமான டயரின் கதை என்று நினைத்தேன். பிறகு ஒரு மோசமான காரின் கதை என்று. இப்போது எனக்கு அது புகார்களின் கதையாகப் படுகிறது. ஒரு புகார் எங்கே போகிறது, எங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது, யார் அதை எண்ண வேண்டும் என்பதன் கதை.

2

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 1990-ல் சந்தைக்கு வந்தது. அதுவரை ஜீப் வகை வண்டிகள் என்றால் வேட்டைக்கும் பண்ணைக்கும் போகிறவர்களின் சமாச்சாரம். எக்ஸ்ப்ளோரர்தான் அதைக் குடும்ப வண்டியாக்கியது. குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, சூப்பர் மார்க்கெட் போவது, லீவுக்குப் பெட்டி படுக்கையோடு ஆறேழு பேர் ஹைவேயில் போவது எல்லாவற்றுக்கும் அதுவே. தொண்ணூறுகளின் இறுதியில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் அதிகம் விற்ற எஸ்யூவி அதுதான்.

ஆனால் அடியில் அது கார் அல்ல. ஃபோர்டின் ரேஞ்சர் பிக்கப் டிரக்கின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன் மேல் வசதியான கூண்டு ஒன்றைக் கட்டினார்கள். புதுசாக அடிச்சட்டம் வடிவமைக்கும் செலவு மிச்சம். லாபத்துக்கு லாபம். அதற்கான விலை இயற்பியலில் இருந்தது. ஒரு வண்டி கவிழுமா கவிழாதா என்பதை முதல் கணக்கில் சொல்வது இரண்டு அளவுகள்: இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். அது சிறுசாகச் சிறுசாக, வண்டி கவிழ்வது சுலபம். குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் தலையில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

1989-ல், வண்டி வெளிவருவதற்கு முன்பே, ஃபோர்டின் சொந்தச் சோதனை ஓட்டங்களில் சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. எக்ஸ்ப்ளோரருக்கு முந்தைய பிராங்கோ 2 வண்டி ஏற்கெனவே கவிழ்வதில் பெயர் வாங்கியிருந்தது. அதனால் பொறியாளர்கள் விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சக்கரங்களுக்கு இடையே அகலத்தைக் கூட்டலாம், எஞ்சினைக் கீழே இறக்கலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம், டயரில் காற்றைக் குறைக்கலாம் என்று வழிகளைப் பட்டியல் போட்டார்கள். முதல் இரண்டுக்கும் வடிவமைப்பை மாற்ற வேண்டும், வெளியீடு தள்ளிப்போகும். கடைசி இரண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டும் ஸ்டிக்கரில் டயர் அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. என்று அச்சானது. ஃபயர்ஸ்டோன் பின்னாளில் 30 இருக்க வேண்டும் என்று சொன்னது.

மென்பொருளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். ரிலீஸ் தேதி நெருங்கிவிட்டது. அடிக்கட்டுமானத்தில் தவறு இருப்பது தெரிகிறது. அதைத் தொட முடியாது. அப்போது கான்ஃபிக் ஃபைலில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு, "இப்போ டெஸ்ட் பாஸ் ஆகுது" என்போம். 26 அப்படி ஒரு எண்.

3

காற்று குறைந்தால் டயர் அதிகமாக நெளியும். நெளிந்தால் சூடாகும். இதுவே தனியாக ஆபத்தில்லை. ஃபோர்டு தன் தரப்பில் கடைசிவரை சொன்ன நியாயமான வாதம் ஒன்று உண்டு: இதே எக்ஸ்ப்ளோரரில், இதே 26 அழுத்தத்தில், குட்இயர் டயர் போட்டு ஓடிய வண்டிகளில் இந்தக் கோளாறு மிக அரிது. ஃபயர்ஸ்டோனும் நியாயமான ஒரு வாதத்தை வைத்திருந்தது: இதே மாதிரி டயர் ரேஞ்சர் பிக்கப்பில் பெரிய பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது, உங்கள் வண்டிதான் கவிழ்கிறது. இரண்டு வாதங்களும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

ரேடியல் டயருக்குள் எஃகுக் கம்பிகளால் ஆன இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ரப்பர் எஃகோடு லேசில் ஒட்டாது. கம்பிக்குப் பித்தளை முலாம் பூசி ஒட்டவைப்பார்கள். பட்டைகளின் ஓரத்தில்தான் அதிக அழுத்தம் விழும். அங்கே ஒரு நுண்ணிய விரிசல் தொடங்கினால், சூட்டில் அது இரு பட்டைகளுக்கும் நடுவே மெல்லப் பரவும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பட்டன் நன்றாக இருக்கும், காற்றும் நிற்கும். ஒரு நாள், வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், நிறைய பாரத்தோடு மணிக்கு 70 மைலில் போகும்போது, மேல் பட்டையும் பட்டனும் சேர்ந்து பலாச்சுளை உரிவதுபோல உரிந்துகொண்டு போய்விடும். பின் சக்கரத்தில் அது நடந்தால் வண்டியின் வால் ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுபவர் பயத்தில் ஸ்டியரிங்கை ஒடிப்பார். உயரமான, குறுகலான வண்டி. அதற்குப் பிறகு ஓட்டுபவர் கையில் ஒன்றும் இல்லை.

பாதிக்கப்பட்டவை ஃபயர்ஸ்டோனின் ஏ.டி.எக்ஸ்., ஏ.டி.எக்ஸ். 2, வைல்டர்னஸ் ஏ.டி. என்ற 15 அங்குல டயர்கள். அவற்றில் பெரும் பங்கு இலினாய் மாநிலத்தின் டிகேட்டர் ஆலையில் செய்தவை. 1994 ஜூலையில் அங்கே நீண்ட வேலைநிறுத்தம் தொடங்கியது. நிர்வாகம் மாற்று ஆட்களைக் கொண்டுவந்து ஆலையை ஓட்டியது. தொழிலாளர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள், 1996 இறுதியில்தான் ஒப்பந்தம் முடிந்தது. பின்னாளில் பொருளியலாளர்கள் ஆலன் க்ரூகரும் அலெக்ஸாந்த்ரே மாஸும் புகார்த் தரவுகளை டயரின் உற்பத்தித் தேதியோடு பொருத்திப் பார்த்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எனக்கு அதில் வியப்பாக இருந்தது இதுதான்: பழுதான டயர்கள் குவிந்திருந்தது புது ஆட்கள் மட்டும் வேலை செய்த மாதங்களில் அல்ல. வேலைநிறுத்தத்துக்குச் சற்று முன்பு, நிர்வாகம் சலுகைகளைப் பறிக்கப் பேசிக்கொண்டிருந்த மாதங்களிலும், பிறகு பழைய ஆட்களும் அவர்கள் இடத்தைப் பிடித்த புது ஆட்களும் ஒரே கூரையின் கீழ் முகம் கொடுக்காமல் நின்று வேலை செய்த மாதங்களிலும்தான். கைக்குத் திறமை இல்லாததைவிட மனக்கசப்புதான் டயரில் பதிந்திருக்கிறது.

ஃபயர்ஸ்டோனுக்கு இது முதல் முறையும் அல்ல. 1978-ல் 'ஃபயர்ஸ்டோன் 500' என்ற ரேடியல் டயரை ஒரு கோடிக்கும் மேலான எண்ணிக்கையில் திரும்பப் பெற வேண்டிவந்தது. அன்றும் இதே நோய்தான், பட்டை பிரிவது. அன்றும் கம்பெனி முதலில் வாடிக்கையாளர்களைக் குறை சொன்னது: காற்று சரியாக வைப்பதில்லை, கல்லில் இடிக்கிறார்கள். அரசு உரிமையாளர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு வெளியே வராமல் தடுக்க நீதிமன்றம்வரை போனது. அந்த அடியிலிருந்து கம்பெனி எழவே இல்லை. 1988-ல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் அதை வாங்கிக்கொண்டது.

4

இப்போது புகார்களுக்கு வருவோம். 1990-களில் இந்த டயர்களைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஒரே இடத்தில் தெரிந்திருக்கவில்லை.

முதல் அலமாரி ஃபயர்ஸ்டோனிடம் இருந்தது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்த டயர்கள் ஒரு கணக்கு. சேதத்துக்கும் காயத்துக்கும் இழப்பீடு கேட்டவர்கள் இன்னொரு கணக்கு. வழக்குகள் மூன்றாவது கணக்கு. இழப்பீட்டுக் கணக்கில்தான் நோய் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது பணத்தைப் பார்க்கும் ஆட்களிடம் இருந்தது. டயரின் பாதுகாப்பை ஆராய்பவர்கள் அந்தக் கணக்கை அதற்காகப் பயன்படுத்தவில்லை என்று கம்பெனி பின்னர் ஒப்புக்கொண்டது.

இரண்டாவது அலமாரி ஃபோர்டிடம் இருந்திருக்க வேண்டும். இல்லை. காரில் எந்தப் பாகம் கெட்டாலும் கார் கம்பெனி வாரண்டி தரும், டயரைத் தவிர. டயருக்கு டயர் கம்பெனிதான் பொறுப்பு. அதனால் டயர் புகார் ஃபோர்டின் கணினிக்கு வரவே இல்லை. 2000 ஜூலை இறுதியில் ஃபயர்ஸ்டோனின் தரவு கைக்கு வந்ததும் ஃபோர்டின் பொறியாளர்கள் சில நாட்களிலேயே எந்த டயர், எந்த ஆலை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பத்து வருஷமாகத் தெரியாதது சில நாளில் தெரிந்தது. கூட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது அலமாரி இன்சூரன்ஸ் கம்பெனியிடம். ஸ்டேட் ஃபார்ம் நிறுவனத்தில் ஒரு ஆய்வாளருக்கு விபத்துக் கோப்புகளில் ஒரே டயரின் பெயர் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டது. அவர் 1998 ஜூலையில் 21 விபத்துகளைத் தொகுத்து அரசின் பாதுகாப்புத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அடுத்த வருஷமும் தகவல் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை.

நான்காவது அலமாரி வக்கீல்களிடம். இதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. 2001 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தியின்படி, பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் வாதாடிய வழக்கறிஞர்களுக்கும் அவர்களின் ஆலோசகர்களுக்கும் 1996-லேயே முப்பதுக்கும் மேற்பட்ட விபத்துகள் தெரிந்திருந்தன. அரசிடம் அவர்கள் சொல்லவில்லை. சொன்னால் அரசு ஒரு மேலோட்டமான விசாரணை நடத்தி, "குறை ஏதும் இல்லை" என்று கோப்பை மூடிவிடும், பிறகு தங்கள் வழக்குகள் அடிபடும் என்று பயந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பயத்தில் உண்மை இருந்தது. தங்களை நம்பி வந்த குடும்பத்துக்கு நியாயம் வாங்கித் தருவது அவர்கள் கடமை. இனிமேல் சாகப்போகிற, இன்னும் பெயர் தெரியாத குடும்பத்துக்கு அவர்கள் வக்கீல் அல்ல. வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. பல ஆவணங்கள் ரகசிய உத்தரவின் கீழ் பூட்டப்பட்டன.

ஐந்தாவது அலமாரி கடல் கடந்து இருந்தது. சவூதி அரேபியாவில், அந்த வெயிலில், டயர்கள் பிரிந்தன. 1999-ல் ஃபோர்டு தன் சொந்தச் செலவில் அங்கே டயர்களை மாற்றிக் கொடுத்தது. பிறகு மலேசியா, தாய்லாந்து, வெனிசுவேலா. ஆனால் அமெரிக்க அரசிடம் சொல்லவில்லை. வெளிநாட்டு நடவடிக்கையைத் தெரிவிக்க அன்றைய சட்டத்தில் கட்டாயம் இல்லை. 1999 மார்ச்சில் எழுதப்பட்ட ஃபோர்டின் உள் குறிப்பு ஒன்று பின்னர் நாடாளுமன்ற விசாரணையில் வெளியானது. சவூதி வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போட்டால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்கும் சொல்ல வேண்டிவருமே என்று ஃபயர்ஸ்டோனின் சட்டப் பிரிவு தயங்கியது அதில் பதிவாகியிருந்தது.

ஆறாவது அலமாரிதான் அரசினுடையது. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து நிட்சா என்பார்கள். ரால்ஃப் நேடரின் புத்தகம் கிளப்பிய புயலில் 1966-ல் வந்த வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் பிள்ளை அது. வண்டி வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் அதற்குப் புகார் அனுப்பலாம். 2000-க்கு முன்பு, ஒன்பது வருஷங்களில், இந்த டயர்களைப் பற்றி அதற்கு வந்தவை 46 புகார்கள்.

நாற்பத்தாறு. கோடிக்கணக்கான டயர்களில். வேறு வேறு வண்டிகள், வேறு வேறு வருஷங்கள். ஆணியில் குத்தியும் டயர் வெடிக்கும், காற்றில்லாமலும் வெடிக்கும். விசாரணை தொடங்க இது போதாது என்று அதிகாரிகள் கருதினார்கள். அவர்களின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். விகிதம் பார்ப்போம் இல்லையா, விகிதம் ஒன்றுமே இல்லை. ஆனால் 46 என்பது விபத்துகளின் எண்ணிக்கை அல்ல. டயர் பிரிந்து, உயிர் பிழைத்து, அரசாங்கத்தில் இதற்கென்று ஒரு துறை இருப்பது தெரிந்து, அதன் நம்பரைத் தேடிப் பிடித்து, போன் செய்தவர்களின் எண்ணிக்கை.

5

2000 பிப்ரவரி 7 அன்று ஹூஸ்டனின் கே.எச்.ஓ.யு. தொலைக்காட்சி இந்த டயர்களைப் பற்றி ஒரு செய்தித் தொகுப்பை ஒளிபரப்பியது. நிருபர் ஆனா வெர்னரும் அவர் குழுவும் செய்தது. டெக்சாஸில் நடந்த மரணங்களையும் வழக்குகளில் கிடந்த தகவல்களையும் கோத்திருந்தார்கள். ஃபயர்ஸ்டோன் கடுமையான மறுப்புக் கடிதம் அனுப்பியது. ஆனால் அந்தச் செய்தியால் நடந்த பெரிய காரியம் வேறு: புகார் சொல்ல நிட்சா என்று ஓர் இடம் இருப்பது மக்களுக்குத் தெரிந்தது. போன்கள் வரத் தொடங்கின.

மே 2-ஆம் தேதி நிட்சா முதல்கட்ட விசாரணையைத் தொடங்கியபோது கையில் 90 புகார்கள், 4 மரணங்கள். ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் ரீகால் அறிவித்தது. செய்தவை மொத்தம் 1 கோடியே 44 லட்சம் டயர்கள், இன்னும் சாலையில் ஓடுபவை சுமார் 65 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். செப்டம்பரில் நாடாளுமன்ற விசாரணை தொடங்கிய நேரத்தில் மரண எண்ணிக்கை 88. 2001-ல் அது 271-இல் போய் நின்றது. காயமடைந்தவர்கள் 800-க்கும் மேல்.

இந்த எண்களை முதல்முறை பார்த்தபோது நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். ஒன்றரை வருஷத்தில் இத்தனை பேரா என்று பதறினேன். அப்படி அல்ல. இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே இறந்தவர்கள். சிலர் ஆறேழு வருஷத்துக்கு முன்பே. எண் கூடிக்கொண்டே போனதற்குக் காரணம், எண்ண ஆரம்பித்தார்கள். டி.வி. பார்த்துவிட்டு ஒரு அப்பாவோ அக்காவோ, "அன்னைக்கு நம்ம வண்டியும் அப்படித்தானே போச்சு" என்று அலமாரியிலிருந்து பழைய போலீஸ் ரிப்போர்ட்டை எடுத்திருப்பார். அதுவரை அவர்களுக்கு அது தலைவிதி, அல்லது ஓட்டியவரின் தப்பு. ஓட்டியவரே பிழைத்திருந்தால் அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு வாழ்ந்திருப்பார்.

அந்த ஆகஸ்டில்தான் ஊரே வண்டிக்கு அடியில் படுத்தது. ஏ.டி.எக்ஸ். டயர் என்றால் எந்த ஆலையில் செய்ததாக இருந்தாலும் ரீகால். வைல்டர்னஸ் என்றால் டிகேட்டரில் செய்தது மட்டும். டிகேட்டரின் அடையாளம் வி.டி. என்ற இரண்டு எழுத்து. அந்தக் குறியீடு டயரின் ஒரு பக்கச்சுவரில் மட்டும்தான் அச்சாகியிருக்கும், பெரும்பாலும் உள்பக்கம் பார்த்தபடி. ஆகவே டெக்சாஸ் வெயிலில், வாசலில், டார்ச்சோடு ஊர்ந்து போய்த் தேட வேண்டும். வெப்பமான மாநிலங்களுக்கு முதலில், மற்ற இடங்களுக்குப் பிறகு என்று கம்பெனி வரிசை போட்டது. "அதுவரை நாங்கள் ஓட்டலாமா?" என்று கேட்டவர்களுக்கு யாரிடமும் நேரான பதில் இல்லை.

6

விசாரணையில் ஃபயர்ஸ்டோனின் தலைவர் மசதோஷி ஓனோ மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் பதவி விலகினார். ஃபோர்டின் தலைவர் ஜாக் நாசர் இது டயர் பிரச்சினை, வண்டிப் பிரச்சினை அல்ல என்று நின்றார். இரண்டு கம்பெனிகளும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டியதில் ஒரு குடும்பச் சண்டையின் வாசனை இருந்தது. உண்மையிலேயே அது குடும்பச் சண்டைதான். ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் நண்பர்கள், 1906-லிருந்து வியாபாரம், எடிசனோடு சேர்ந்து காட்டில் கூடாரம் போட்டுச் சுற்றியவர்கள். 1947-ல் ஃபோர்டின் பேரனுக்கும் ஃபயர்ஸ்டோனின் பேத்திக்கும் கல்யாணம். 2001 மே மாதம் ஃபயர்ஸ்டோன் இனி ஃபோர்டுக்கு டயர் தர மாட்டோம் என்று உறவை முறித்தபோது ஃபோர்டின் சேர்மன் நாற்காலியில் இருந்தவர் அந்தத் தம்பதியின் மகன் பில் ஃபோர்டு. மறுநாளே ஃபோர்டு, வைல்டர்னஸ் டயர்கள் 1 கோடியே 30 லட்சத்தைத் தானே மாற்றுவதாக அறிவித்தது. அக்டோபரில் நாசரை அனுப்பிவிட்டு பில் ஃபோர்டே பொறுப்புக்கு வந்தார். டிசம்பரில் டிகேட்டர் ஆலையை மூடினார்கள்.

காரணம் என்ன என்ற கேள்விக்கு ஒற்றை வரிப் பதில் கிடைக்கவில்லை. ஃபயர்ஸ்டோன் அமர்த்திய பெர்க்லி பேராசிரியர் சஞ்சய் கோவிந்த்ஜீ 2001 பிப்ரவரியில் தந்த அறிக்கை, வெப்பம், வேகம், பாரம், காற்றழுத்தம், வடிவமைப்பு, தயாரிப்பு எல்லாம் சேர்ந்த விளைவு என்றது. எக்ஸ்ப்ளோரரை விசாரிக்கச் சொன்ன ஃபயர்ஸ்டோனின் மனுவை நிட்சா 2002-ல் நிராகரித்தது. டயர் பிரிந்தால் மற்ற எஸ்யூவிகளைவிட இது அதிகம் தடுமாறுவதாகச் சொல்ல ஆதாரமில்லை என்றது. ஆனாலும் 2002 மாடல் எக்ஸ்ப்ளோரர் இரண்டரை அங்குலம் அகலமாக வெளிவந்தது. 1989-ல் பட்டியலில் இருந்த முதல் வழி.

சட்டமும் வந்தது. 2000 நவம்பர் 1 அன்று கிளிண்டன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் பெயரை டயர் பட்டனைக் குறிக்கும் 'ட்ரெட்' என்று சுருங்கும்படி கோத்திருந்தார்கள். அதன் உள்ளடக்கத்தைப் படித்தால் ஆறு அலமாரிகளையும் வரிசையாகத் திறந்ததுபோல இருக்கும். இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் வாரண்டிக் கணக்கையும் கம்பெனிகள் முன்கூட்டியே அரசுக்குத் தர வேண்டும். வெளிநாட்டில் திரும்பப் பெற்றாலும் சொல்ல வேண்டும். காற்றுக் குறைந்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். இன்று நம் காரில் ஆச்சரியக்குறியோடு எரியும் அந்த மஞ்சள் விளக்குக்குப் பின்னால் 271 பேர் இருக்கிறார்கள். டயரின் வெளிப்பக்கத்திலும் குறியீட்டின் பெரும்பகுதி இருக்க வேண்டும் என்ற விதியும் பின்னர் வந்தது. யாரும் இனி வண்டிக்கு அடியில் ஊர வேண்டாம்.

7

ஆனால் ஸ்டெப்னி?

ரீகால் என்பது ஒரு கடிதம். கடிதத்துக்கு முகவரி வேண்டும். காரைப் பொறுத்தவரை கம்பெனிகள் பதிவு அலுவலகத்தின் பட்டியலைப் பார்த்து இன்றைய உரிமையாளருக்கு அனுப்பலாம். தனியாகக் கடையில் வாங்கிய டயருக்கு அப்படி இல்லை. கடைக்காரர் தரும் அட்டையை நிரப்பித் தபாலில் போட வேண்டும். யார் போடுவார்கள்? வண்டி மூன்று கை மாறியபின் அடியில் தொங்குகிற ஐந்தாவது டயர் யாருடையது? முதல் உரிமையாளருக்கு வந்த கடிதம் குப்பைக்குப் போயிருக்கும். மூன்றாவது உரிமையாளருக்கு அது ஒரு இலவசப் புது டயர்.

அமெரிக்காவில் ரீகால் நிலுவையில் உள்ள புதுக்காரை விற்கக் கூடாது. இரவல் கார் கம்பெனிகள் அதை வாடகைக்கு விடக் கூடாது என்று 2015-ல் சட்டம் வந்தது. பழைய கார் விற்கும் கடைக்காரர் விற்கலாம். அதைத் தடுக்கும் தேசியச் சட்டம் இல்லை. இலவசமாகச் சரிசெய்து தர வேண்டிய காலமும் 15 வருஷத்தோடு முடிகிறது. வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப்போய், விபத்தில் விரியும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிட்ட டகாட்டா காற்றுப்பை விவகாரத்திலும் இதே பள்ளம்தான். வண்டி பழசாகப் பழசாக ஆபத்து கூடியது, ஆனால் கடிதம் போய்ச் சேரும் வாய்ப்பு குறைந்தது. பழைய வண்டியை வாங்குபவர் காசு குறைந்தவர். பாதுகாப்பு அமைப்பு கடைசியாக வந்து சேருவது அவரிடம்.

இந்தியாவில் ரீகாலைக் கட்டாயமாக்கும் விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. விற்ற வண்டிகளின் எண்ணிக்கையில் இத்தனை பங்கு புகார் வந்தால் நடவடிக்கை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அது. அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. நல்ல தொடக்கம். ஆனால் விகிதம் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 46 ஞாபகம் வருகிறது. புகார் சொல்லும் பழக்கம் இல்லாத ஊரில் விகிதம் எப்போதும் சிறியதாகவே இருக்கும். நாம் மெக்கானிக்கிடம் சொல்வோம், டீக்கடையில் சொல்வோம். படிவத்தில் எழுத மாட்டோம்.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு வாடிக்கையாளருக்குப் பணம் இரண்டு முறை கழிந்துவிட்டதாக ஒரு டிக்கெட் வந்தது. ஒரு மணி நேரம் முயன்றேன், எனக்கு அது நிகழவில்லை. "திரும்ப நிகழ்த்த முடியவில்லை, நெட்வொர்க் கோளாறாக இருக்கலாம்" என்று எழுதி மூடினேன். அதே மாதத்தில் இன்னும் இரண்டு குழுக்களில் இரண்டு பேர் இதே மாதிரி இரண்டு டிக்கெட்டை, இதே மாதிரி வாக்கியத்தோடு மூடியிருந்தார்கள். மூன்றும் ஒரே பிழை என்று தெரிய நான்கு மாதம் ஆனது. யாரும் சாகவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்த நான்கு மாதத்தில் போன் செய்து, வரிசையில் காத்திருந்து, "உங்க பக்கம்தான் ஏதோ பிரச்சினை சார்" என்று கேட்டுவிட்டு போனை வைத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கிலும் இல்லை. நான் மூடிய அந்த டிக்கெட்டை இன்னும் நம்பரோடு ஞாபகம் வைத்திருக்கிறேன்.

2013-ல் அந்த எஸ்யூவியை வாங்கிவிட்டேன். முதல் வேலையாக டயர் கடைக்குப் போய் ஸ்டெப்னியை இறக்கச் சொன்னோம். கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, பட்டன் முழுசாக இருக்கிறதே, யாராவது வாங்கிக்கொள்வார்கள், வைத்துவிட்டுப் போங்கள் என்றார். மதுரைக்காரர் தலையாட்டினார். வேண்டாம் என்று சொல்லி, பக்கச்சுவரைக் கத்தியால் மூன்று இடத்தில் கிழிக்கச் சொன்னார். கிழித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.